நான் வாசிக்காத நம்பர்

கதிர்,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ ஓசூருக்குப் பஸ் ஏறுகிறாய். மறுநாள் காலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் உன் கையில் அளவு பார்க்க ஒரு வெர்னியரையும் இரண்டு ரப்பர் ஸ்டாம்பையும் கொடுப்பார்கள். பச்சை குத்தினால் பொருள் தேறியது, சிவப்பு குத்தினால் கழித்தது. எனக்கும் உன் வயதில்தான் அந்தச் சிவப்பு ஸ்டாம்பு கிடைத்தது. முப்பது வருடம் லேத் ஓட்டிய டர்னர், நான் அதை எடுக்கிறேனா என்று என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த மிதப்பு லேசில் இறங்காது. அதை வைத்து நான் போன மாதம் என்ன செய்தேன் என்று நீ ஊரைவிட்டுப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டும். நேரில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், உன் அம்மா இருவரையும் திட்டுவாள். அதனால் எழுதுகிறேன். உனக்கு அனுப்பிய கையோடு இதை ஊர் வாட்ஸப் குரூப்பிலும் போடப் போகிறேன். ஆகையால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் விளக்கவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

என் தாத்தாவும் சேதுராமன் சித்தப்பாவின் அப்பாவும் நம் ஊரிலிருந்து ஒன்றாகப் பட்டாளத்துக்குப் போனவர்கள். பர்மா பக்கம் சண்டை, ஒரே பட்டாளம், ஒரே கூடாரம். போர் முடிந்து திரும்பி வந்து, பட்டாளம் கழித்துப்போட்ட சரக்கிலிருந்து ஆளுக்கு ஒரு ரைபிள் லைசென்ஸோடு வாங்கினார்கள். ஒரே நாள், ஒரே பெட்டியிலிருந்து எடுத்தது. இரண்டு பேரும் செத்தபிறகு பிள்ளைகள் அவற்றை ஞாபகத்துக்காக வைத்துக்கொண்டார்கள். சுட முடியாதபடி குழலை அடைத்து, அதற்குக் கலெக்டர் ஆபீஸில் தாள் வாங்கி, ஒன்று நம் வீட்டில், ஒன்று அவர்கள் வீட்டில். இதில் யாருக்கும் சண்டையில்லை. சண்டை கண்ணாடிப் பெட்டியில் ஆரம்பித்தது.

உனக்கு அப்போது ஒரு வயது. ஊர்க் கமிட்டிக்காரர்கள் நூலகத்துக்குப் பக்கத்து அறையில், போருக்குப் போய்வந்தவர்களுக்காக ஒரு நினைவிடம் வைத்தார்கள். படங்கள், மெடல்கள், நடுவில் ஒரு ரைபிள். பெட்டி ஒன்றுதான், அதன் கீழே ஒருவர் பெயர்தான். யாருடைய ரைபிள் என்று கேள்வி வந்ததும், இரண்டையும் பார்த்து எது சுத்த அசலோ அதை வைப்போம் என்றார்கள். பார்த்துச் சொல்லும் ஆள் யார்? பட்டாளத்தில் ஆயுதம் பழுதுபார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றுவந்த சேதுராமன் சித்தப்பா. அவரும் போட்டியில் இருப்பவர்தானே என்று ஒருவனும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். கையில் டிப்ளமோவை வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றேன்.

பழைய ராணுவ ரைபிள் அசலா என்று பார்ப்பவன் முதலில் தேடுவது நம்பரை. துப்பாக்கியின் இரும்பு உடம்பில் வலப்பக்கம் ஒரு நம்பர் இருக்கும். தோட்டாவை உள்ளே தள்ளுவதற்காக இழுத்துத் தள்ளுகிற கைப்பிடித் துண்டு இருக்கிறதே, போல்ட்டு, அதன் பிடியிலும் அதே நம்பர் இருக்க வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதற்கென்று அரத்தால் ராவிப் பொருத்திய போல்ட்டு. ஒன்றினுடையது இன்னொன்றில் போய் உட்காரும், ஆனால் அது ஜோடி இல்லை. சேதுராமன் சித்தப்பா நம் ரைபிளை வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பினார். உடம்பைப் பார்த்தார், போல்ட்டைப் பார்த்தார். போல்ட்டை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். அதை நான் கவனித்தேன், அர்த்தம் புரியவில்லை.

"அண்ணே, ஒடம்புல ஒரு நம்பரு, போல்ட்டுல ஒரு நம்பரு. இது அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணு பொறுக்கிக் கட்டுனது. அசலு இல்ல."

உன் ஐயா, என் அப்பா, எழுந்து நின்றார். "எங்கப்பா கையால எனக்குக் குடுத்ததுப்பா அது."

"குடுத்தாரு, சரி. அவரு எங்க எடுத்தாருன்னு கேட்டீங்களா? சண்டைக்குப் போனாரா, இல்ல சந்தைக்குப் போனாரா?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் யார் யார் பல் தெரிந்தது என்று இன்றைக்கும் என்னால் பட்டியல் போட முடியும். ஐயா ரைபிளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தார். நான் பின்னால் போனேன். வீட்டுக்கு வந்ததும் இரண்டு நம்பரையும் பார்த்து மனசில் எழுதிக்கொண்டேன். உடம்பில் 5692. போல்ட்டில் 5417. அவருடைய ரைபிளை யாரும் திறந்து பார்க்கச் சொல்லவில்லை. அது நேராகக் கண்ணாடிக்குள் போனது. கீழே அவர் அப்பா பெயர், பக்கத்தில் 'அசல்' என்று ஒரு அட்டை.

அன்றிலிருந்து நம் வீட்டுக்கு டூப்ளிகேட் வீடு என்று பெயர். இது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐயா டீக்கடைக்குப் போனால், "ஐயாவுக்கு ஒரு டூப்ளிகேட் டீ" என்பான் கடைக்காரன். சர்க்கரை இல்லாத டீ என்று அர்த்தம். ஐயாவும் சேர்ந்து சிரிப்பார். அவர்கள் சிரித்ததைவிட அவர் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆறாம் வகுப்பில் 'டூப்ளிகேட் பேரன்' என்று உன்னைக் கூப்பிட்டுச் சட்டையைக் கிழித்து அனுப்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா? எங்கே அடிபட்டது என்று நான் கேட்கவில்லை. "திருப்பி அடிச்சியா?" என்றுதான் கேட்டேன். இல்லை என்றாய். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. பதினோரு வயசுப் பையனோடு. அது தப்பு. என் கோபத்தை உன் முதுகில் ஏற்றிவிட்டேன். மன்னிப்பெல்லாம் எழுத எனக்கு வராது. தப்பு என்று எழுதத் தெரியும், எழுதிவிட்டேன்.

பத்தொன்பது வருடம் நான் ரைபிள் நம்பர்களைப் பற்றியே படித்தேன். வேலை முடிந்துவந்த நேரமெல்லாம் அதுதான். திருச்சியில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடைக்காரர், வருகிற பழைய ரைபிள்களைப் பார்க்க விடுவார். ஆரம்பத்தில் நானும் முட்டாள்தனமாகத்தான் பார்த்தேன். மெஷினில் வேலை பார்ப்பவன் கண்ணுக்கு, எழுத்து கோணலாக இருந்தாலே போலி. பிறகுதான் புரிந்தது, போர்க்காலத்தில் எல்லாம் கையால் சுத்தியல் அடித்துப் பதித்தவை. கோணல்தான் அசல். நான்கு இலக்கமும் ஒரே கோட்டில் ஒரே ஆழத்தில் நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். பழைய நம்பரைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் புது நம்பர் பதித்திருந்தால் அது பட்டாளத்துப் பழுது பார்ப்பவன் நேர்மையாகச் செய்தது. ராவி வழித்துவிட்டுப் பதித்திருந்தால் அது வியாபாரி. கருப்பு பூசியபிறகு பதித்த எழுத்துக்குள் இரும்பு பளிச்சென்று தெரியும், பூசும்முன் பதித்ததில் தெரியாது. மரக்கட்டையின் அடியில்கூட நம்பர் இருக்கும், கழற்றினால்தான் தெரியும். இதெல்லாம் படித்துவிட்டு நினைவிடத்துக்குப் போய்ச் சேதுராமன் சித்தப்பாவின் ரைபிளைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வலப்பக்கம் சுவரைப் பார்த்தபடி மாட்டியிருந்தது. உடம்பு நம்பரும் போல்ட்டுப் பிடியும் அந்தப் பக்கம்தான். ஆயுதம் தெரிந்த ஒரு மனுஷன் பார்க்கவேண்டிய பக்கத்தைச் சுவருக்குக் காட்டி மாட்டுகிறான் என்றால் எதையோ மறைக்கிறான். அன்றைக்கு வீடு வரும்வரை பைக்கில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

காத்திருக்கத் தெரியாதவன் நான். சாப்பாடு ஆறுவதற்குக்கூடக் காத்திருக்க மாட்டேன். இதற்கு மட்டும் காத்திருந்தேன். போன தை மாதம் நினைவிடத்தைப் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்துப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு பொருளையும் சரிபார்த்து அட்டை எழுத ஆள் வேண்டும் என்றார்கள். நானே போய்க் கேட்டு வாங்கினேன். நீ அப்போது பரீட்சைக்குத் திருச்சியில் இருந்தாய். அங்கே நடந்ததை வீடியோவில் பார்த்தாய். "கெத்துப்பா" என்று மெசேஜ் போட்டாய். அந்த வீடியோவில் தெரியாத ஒன்றைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அறுபது எழுபது பேர் இருந்தார்கள். சேதுராமன் சித்தப்பா வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில். ஐயா வரவில்லை. பெட்டியைத் திறந்து ரைபிளை எடுத்து மேசையில் வலப்பக்கம் மேலே தெரியும்படி வைத்தேன். டார்ச் அடித்தேன், லென்ஸை வைத்தேன். உடம்பில் 5417. எனக்கு ஏதோ தட்டியது, என்னவென்று உடனே பிடிபடவில்லை. போல்ட்டுப் பிடிக்கு லென்ஸை நகர்த்தினேன். 5692. எழுத்தெல்லாம் பழையது, கோணல், ராவவில்லை, வழிக்கவில்லை. நம் வீட்டு ரைபிளின் உடம்பில் இருக்கிற அதே நம்பர். நம் ரைபிளின் போல்ட்டு கதிர், அது. அவருடைய போல்ட்டு நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது. இரண்டு துப்பாக்கியும் அசல். எந்தக் காலத்திலோ போல்ட்டு இரண்டும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

அடுத்த நொடியிலேயே இன்னொன்றும் புரிந்தது. அவர் ரைபிளின் நம்பர் லைசென்ஸிலேயே இருக்கிறது, அவருக்கு மனப்பாடம். அன்றைக்கு நம் போல்ட்டை ரொம்ப நேரம் பார்த்தாரே, பார்த்தது அவருடைய நம்பரை. தெரிந்தேதான் அசலு இல்லை என்றார். தெரிந்தேதான் சண்டைக்குப் போனாரா சந்தைக்குப் போனாரா என்று கேட்டார். நான் நிமிர்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு நம்பரையும் சத்தமாக வாசித்திருந்தால் போதும். ஐயாவின் பெயரில் இருந்த கறை அங்கேயே கழுவப்பட்டிருக்கும். ஆனால் அவருடைய ரைபிளும் அசல் என்று ஆகிவிடும். அவர் பொய்யர் ஆவார், அவர் அப்பா பெயர் தப்பித்துவிடும். எனக்கு அது போதவில்லை. என் தாத்தாவைச் சொன்னதற்கு அவர் அப்பாவைச் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

"சித்தப்பா, ஒடம்புல ஒரு நம்பரு, போல்ட்டுல ஒரு நம்பரு. அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணு பொறுக்கிக் கட்டுனது. அசலு இல்ல."

அவர் சொன்ன அதே வார்த்தை. அவர் எழுந்தார். "நம்பரை வாசி தம்பி."

"எதுக்கு?"

"வாசி. எல்லாரும் கேக்கட்டும்."

"அன்னிக்கு எங்க நம்பரை நீங்க வாசிச்சீங்களா?"

பின்னாலிருந்து எவனோ, "அப்ப ரெண்டு வீடும் டூப்ளிகேட்டாடா?" என்றான். சிரிப்பு. அவர் மேசைக்கு வந்து தானே எடுத்து வாசித்திருக்கலாம். வாசித்தால் பத்தொன்பது வருடப் பொய் வெளியே வரும். உட்கார்ந்துவிட்டார். உட்கார நாற்காலியைக் கை தேடியது, அதை நான் பார்த்தேன். உண்மையைச் சொல்லவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இதையும் எழுதுகிறேன்: என் வாழ்நாளில் அதைவிட நல்ல காட்சி நான் பார்த்ததில்லை. துணியைப் போட்டு ரைபிளை மூடினேன். அட்டையில் 'கட்டிச் சேர்த்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு ஒரு மாதம், வேலைக்குப் போகும்போதெல்லாம் சுற்றுவழியில் அவர் வீட்டு முன்னால் ஹார்ன் அடித்துக்கொண்டே போனேன். வாசல் கதவு சாத்தியே கிடந்தது. எனக்குக் காலைக் காபி மாதிரி இருந்தது அது.

ஐயாவுக்கு மட்டும் எதுவும் மாறவில்லை. டீக்கடையில் இப்போது, "நம்ம ஊருக்கே டூப்ளிகேட்டுதான் ராசி" என்றார்களாம். நான் ஐயாவைத் தூக்கிவிடவில்லை. அவர் கிடந்த குழிக்குள் இன்னொருவரைத் தள்ளியிருக்கிறேன், அவ்வளவுதான்.

போன திங்கட்கிழமை உன் பெட்டியின் பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். ஐயா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் சாதாரணமாகக் கேட்டார்.

"சேது போல்ட்டுல என்ன நம்பருப்பா இருந்துச்சு?"

இத்தனை நாளில் சேதுராமன் சித்தப்பாவைத் தவிர ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வி. பொய் சொல்ல நேரமிருந்தது. சொல்லவில்லை.

"5692."

அவர் கட்டிலிலிருந்து காலைக் கீழே இறக்கினார். பிறகு, "எலெக்ஷன் வந்தா துப்பாக்கியப் போலீஸ் ஸ்டேஷன்ல கொண்டாந்து குடுக்கணும்பாங்க," என்றார். "ரெண்டு பெருசும் பட்டாளத்துப் பழக்கம், போல்ட்டோட குடுக்காதுக. கழட்டி, ரெண்டையும் எண்ணெத் துணியில ஒண்ணாச் சுத்தி நம்ம தகரப் பெட்டியில போட்டு வைக்கும்க. துப்பாக்கி திரும்பி வந்ததும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துச் சொருகிக்கும்க. கடைசித் தடவ எங்கப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. சேதுவோட அப்பாவுக்கும் தெரியாது." அதற்குப்பிறகு என்னைப் பார்த்தார். "நீ எப்பப் பாத்த?"

"அன்னிக்கே."

"பாத்துட்டு அசலு இல்லைன்னு எழுதிக் குடுத்தே?"

"அவர அசிங்கப்படுத்தணும்னு இருந்துச்சுப்பா."

"அவன் பொய்யப் பத்தொம்பது வருசம் வச்சிருந்தான். நீ ஒரு மாசம் வச்சிருந்தே. ஒனக்கு வயசு பத்தல, அதான்."

இதைக் கத்திச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். தண்ணி எடுத்துக் குடு என்கிற குரலில் சொன்னார். பிறகு, டூப்ளிகேட் டீக்குச் சிரித்த அந்த மனுஷன், நான் பார்த்தேயிராத முகத்தோடு சொன்னார்: "ஞாயித்துக்கெழம ஊரக் கூட்டு. ரெண்டு துப்பாக்கியும் மேசைக்கு வரணும். சேது அவன் கையால போல்ட்ட மாத்தணும். நம்மளோட நம்பர அவன் வாயால வாசிக்கணும், அன்னிக்கே தெரியும்னு சொல்லணும். அவனோட நம்பர நீ வாசிக்கணும். நீயும் அதையே சொல்லணும். நான் முன்னாடி ஒக்காந்து கேப்பேன்." எனக்குப் பழிவாங்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் கதிர். அவர் கேட்டதுதான் முழுக் கூலி. அதில் என் பங்கும் இருக்கிறது.

நான் பழிவாங்கியதற்கு வருத்தப்படுகிறேன் என்று நினைத்துவிடாதே. உண்மை என் கையில் இருந்தது, அதை வைத்தே அவரை நிமிரவிடாமல் அடித்திருக்கலாம். அதை விட்டுவிட்டு ஒரு பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அளவு சரியாக இருந்த பொருளுக்கு, செய்தவன் முகம் பிடிக்காததால் சிவப்பு ஸ்டாம்பு குத்தினேன். உன் பிரிவிலும் முகம் பிடிக்காத டர்னர் ஒருவன் கட்டாயம் இருப்பான். அவன் செய்த பொருளை மற்றவர்களுடையதைவிட இரண்டு தடவை கூடுதலாக அள, தப்பில்லை. அளந்த எண்ணை அப்படியே எழுது.

நேற்றுச் சாயங்காலம் சேதுராமன் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே வா என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. வாசலில் நின்றே ஐயா சொன்னதைச் சொன்னேன்.

"எதுக்கு அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?" என்றும் கேட்டேன்.

"உள்ளதச் சொல்லியிருந்தா ரெண்டும் கண்ணாடிக்குள்ள போயிருக்கும்," என்றார். "எங்கப்பன் பேரு மட்டும் இருக்கணும்னு இருந்துச்சு. அம்புட்டுத்தான்."

"ஞாயித்துக்கெழம வருவீங்களா?"

"வரலைன்னா?"

"வந்தாலும் வரலைன்னாலும் எழுதிக் குரூப்ல போடுறேன்."

"என்னைய மட்டும் எழுதுவியா?"

"ரெண்டு பேரையும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பழுது பார்க்க வந்த சாமானைப் பார்ப்பதுபோல. "அப்ப வாரேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அவரை நான் மன்னிக்கவில்லை. அவரும் என்னை மன்னிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, புதுக் கட்டடம். உன் பஸ் சாயங்காலம்தான், நேரம் இருக்கிறது. முதலில் அவர் வாசிப்பார், அதைக் கேட்க உனக்கு ஆசையாக இருக்கும், எனக்கும்தான். ஆனால் அதோடு எழுந்து போய்விடாதே. ஐயா பக்கத்தில் உட்கார்ந்து என்னுடையதையும் கேட்டுவிட்டுப் போ.

அப்பா